பன்னீர் பிறந்த கதை

கம்பம் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றதும் ஜன்னலுக்குக் கீழே குரல் வந்துவிடும். "பன்னீரு, பன்னீரு, பன்னீரேய்!" விற்கிறவர் வாயில் திராட்சை என்ற சொல்லே வராது. தேவையும் இல்லை. இந்தப் பள்ளத்தாக்கில் பன்னீர் என்றால் கருநீலக் குலைதான். போன வருஷம் என் பக்கத்து சீட்டில் ஒரு வடநாட்டுப் பையன், குமுளியில் ஏறியவன். குரலைக் கேட்டதும் ஆசையாக எட்டிப் பார்த்தான். அவன் தேடியது வெள்ளைக் கட்டி. கூடையில் இருந்தது சாம்பல் பூத்த கருப்புப் பழம். அவன் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, விற்கிறவர் இரண்டு பழத்தைப் பிய்த்து அவன் கையில் வைத்தார். தின்றவன் அரைக் கிலோ வாங்கிக்கொண்டான்.

பையன் மேல் தப்பில்லை. அவன் ஊர்ப் பனீர் என்பது பாரசீகச் சொல். நம் பன்னீர், கல்யாண வாசலில் தெளிக்கிறோமே அது, பாரசீகப் பக்கமிருந்து வந்த பொருள்; பெயர் மட்டும் அசல் தமிழ். ஒன்றில் பெயர் கப்பலேறி வந்தது. இன்னொன்றில் பொருள் கப்பலேறி வந்து இறங்கிய இடத்தில் பெயர் சூட்டிக்கொண்டது. இரண்டும் ஒரே மாதிரி காதில் விழுகிறது, அவ்வளவுதான். பன்னீர் சோடா, பன்னீர் ரோஜா, பன்னீர்ப் பூ, பன்னீர் திராட்சை என்று இந்தச் சொல் ஒட்டாத இடமில்லை. பெரியகுளத்துக்காரர் ஒருவர் பன்னீரைப் பெயரிலேயே வைத்துக்கொண்டு மூன்று முறை முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த நாலெழுத்துச் சமாசாரத்துக்குள், ஆயிரத்துச் சொச்சம் வருஷமாக ஒரு பானை கொதித்துக்கொண்டிருக்கிறது.

முதலில் பழத்தை முடித்துவிடுகிறேன். 2023-இல் 'கம்பம் பன்னீர் திராட்சை'க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்கு இதைக் கொண்டுவந்தார் என்று அப்போது எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. தோட்டக்கலைப் புத்தகத்தில் இந்த இனத்தின் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். பிளாக் ஹாம்பர்க் என்ற கருப்புத் திராட்சைக்கும் மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா என்ற வாசனைத் திராட்சைக்கும் பிறந்த பிள்ளை. பெற்றெடுக்க வைத்தவர் இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் தோட்டக்காரர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவாக்கில். அப்படியானால் 1832 கொஞ்சம் இடிக்கிறது. பாதிரியார் கொண்டுவந்தது வேறொரு மஸ்கட்டாக இருந்திருக்கலாம். இந்தப் பிள்ளை பின்னால் வந்து சேர்ந்திருக்கலாம். எப்படியோ, முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் 1895-இல் மலையைக் குடைந்து இறங்கியதற்கு அப்புறம் இந்தப் பள்ளத்தாக்கில் எது நட்டாலும் வளர்ந்தது; கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தல் போட்டதும் இந்தக் கொடி இங்கேயே தங்கிவிட்டது. அலெக்சாண்ட்ரியா என்ற பெயரை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவோம்.

சுருளிப்பட்டிப் பக்கம் தோட்டம் வைத்திருக்கிற ஒரு பாயைத் தெரியும். ராவுத்தர் வீட்டுப் பெரியவர், எழுபது தாண்டியவர். ராவுத்தர் என்றால் குதிரைக்காரர். அரபு தேசத்துக் குதிரைகள் பாண்டிய நாட்டுத் துறைகளில் இறங்கிய காலத்து வாசனை அந்தச் சொல்லில் உண்டு. கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் அவர்கள் நிறைய. உத்தமபாளையத்தில் 1956-இல் தொடங்கிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரியில் படிக்காத ஆள் இந்தப் பக்கத்தில் எந்தச் சாதியிலும் குறைவு. நான் சொல்லும் பாய் குதிரையைக் கல்யாண ஊர்வலத்தில் மட்டும் பார்த்தவர். அவருக்குத் தெரிந்ததெல்லாம் கவாத்தும் மருந்தடிப்பும் கேரளா லாரியும்தான்.

"இதுக்கு ஏன் பாய் பன்னீர்னு பேரு வந்துச்சு?"

"மோந்து பாருங்க தம்பி. தெரியலையா?" என்று ஒரு பழத்தைப் பிதுக்கிச் சதையை என் வாயில் போடச் சொன்னார். தோலை விரலுக்கு நடுவில் வைத்துக் கசக்கி என் மூக்குக்கு நேரே நீட்டினார். "சதையில இனிப்பு. வாசம் தோல்ல."

வந்தது. லேசாக, ஆனால் சந்தேகமில்லாமல், கல்யாண மண்டப வாசல்.

பெயர்க் காரணம் இவ்வளவுதான். பழத்துக்கு வைத்தவர்கள் கண்ணால் வைக்கவில்லை, மூக்கால் வைத்திருக்கிறார்கள். சரி, பன்னீருக்கே பன்னீர் என்று வைத்தது யார், எதைப் பார்த்து?

தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினால் பனிநீர் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கும்: பனித்தண்ணீர், ரோஜாத் தண்ணீர். பனிநீர்தான் வாயில் உருண்டு பன்னீர் ஆனது. இதற்குச் சாட்சி தேட நாம் வெகுதூரம் போக வேண்டாம். கம்பத்திலிருந்து மலையேறிக் குமுளியைத் தாண்டினால் போதும். மலையாளத்தில் இன்றைக்கும் அது பனிநீர்தான். ரோஜாப்பூவே அங்கே பனிநீர்ப் பூ. அடிவாரத்தில் தேய்ந்துபோன சொல், மலைக்கு அந்தப் பக்கம் முழுசாக இருக்கிறது.

ஆனால் எதற்குப் பனி? பூவின் பெயரை வைத்திருக்கலாமே. பாரசீகர்கள் அப்படித்தான் வைத்தார்கள்: குல் என்றால் பூ, ஆப் என்றால் தண்ணீர், குலாப். அது அரபுக்குப் போய் ஜுலாப் ஆயிற்று, இந்திக்கு வந்து தண்ணீரை உதறிவிட்டுப் பூவின் பெயராகவே ஆகிவிட்டது. ஜாமூனுக்கு முன்னால் நிற்பதும் அதே குலாப்தான். அரபியில் மாவர்த், அதாவது ரோஜா நீர். எல்லோரும் பூவைப் பார்த்துப் பெயர் வைக்க, நாம் மட்டும் பனியைப் பார்த்திருக்கிறோம். இந்தக் கேள்வி ரொம்ப நாளாக என்னைக் குடைந்துகொண்டிருந்தது. விடை எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் கிடைத்தது.

சீலையம்பட்டிப் பூ மார்க்கெட்டில் ஒரு கிலோ பன்னீர் ரோஜா வாங்கினேன். மாலைக்குக் கட்டுகிற அதே வெளிர்சிவப்பு நாட்டு ரோஜா. இதழை உதிர்த்து இட்லிக் கொப்பரையில் போட்டு, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, நடுவில் செங்கல் துண்டு ஒன்றை வைத்து, அதன் மேல் ஒரு சில்வர் கிண்ணம். மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்து, குழிந்த பக்கத்தில் ஐஸ் கட்டி. அடுப்பைப் பெரிதாக வைத்தேன். தப்பு அங்கேதான். கால் மணி நேரத்தில் இதழ் அடிப்பிடித்து, வீடு முழுக்கக் காய்ந்த கசாய நாற்றம். "பூவை வாங்கித் தீய்க்கிறதுக்கு அதைச் சாமிக்காவது போட்டிருக்கலாம்" என்று அம்மா சொன்னாள். அடுத்த வாரம் மறுபடியும் ஒரு கிலோ, சிம்மில் வைத்து. இருபது நிமிஷம் கழித்து அம்மா மூடியை ஒரு பக்கமாகத் தூக்கிப் பார்த்தாள்.

"மூடி நல்லா வேர்த்திருக்கு."

அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் துளி. நடுக்குமிழை நோக்கி ஒவ்வொன்றாக ஊர்ந்து வந்து, சேர்ந்து, கனத்து, கிண்ணத்தில் விழுந்தது. மார்கழி விடிகாலையில் திராட்சைப் பந்தலுக்கு அடியில் நின்று கம்பியை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு அந்தத் துளியை அடையாளம் தெரியும். ஒரு மணி நேரத்தில் அரை டம்ளர் தேறியது.

அம்மா வேர்வை என்றாள். எனக்குப் பனி என்று பட்டது. அந்த இரண்டு வார்த்தைக்கும் நடுவில்தான் பன்னீரின் முழுக் கதையும் இருக்கிறது. ஏனென்றால் அம்மா சொன்னதைத்தான் அரபிகளும் சொன்னார்கள். வடித்து எடுக்கிற எதற்கும் அரபியில் அரக் என்று பெயர் உண்டு. சொல்லின் நேர்ப்பொருள் வேர்வை. இலங்கையில் தென்னஞ்சாராயப் புட்டியில் அரக் என்று ஒட்டியிருக்கிறதே, அதுவும் அந்த வேர்வைதான்.

வடிக்கிற வித்தையை அரபிகள் ஒன்றுமில்லாததிலிருந்து உண்டாக்கவில்லை. அலெக்சாண்ட்ரியாவைச் சுற்றியிருந்த கிரேக்க ரசவாதிகள் மூன்றாம், நான்காம் நூற்றாண்டிலேயே பானைக்கு மேல் குல்லாய் வைத்து ஆவியைப் பிடித்தார்கள். அந்தக் குல்லாய்க்கு கிரேக்கத்தில் அம்பிக்ஸ். அரபிகள் அதை அல் அன்பீக் ஆக்கினார்கள். அதுவே ஐரோப்பாவுக்குத் திரும்பிப் போய் அலெம்பிக் ஆனது. ஆனால் அலெக்சாண்ட்ரியாக்காரர்களின் கவனமெல்லாம் ஈயத்தைத் தங்கமாக்குவதில் இருந்தது. அந்தக் காலத்து ரோஜா வாசனை என்பது இதழை எண்ணெயில் ஊறவைத்து எடுப்பது. பானையில் பூவைப் போட்டு, அதை ஒரு நாட்டின் தொழிலாகவே வளர்த்தது பாக்தாத் காலத்தில்தான்.

சாதாரணமாக இந்தக் கதையை இப்னு சீனாவில் தொடங்குவார்கள். ரோஜாவை முதலில் வடித்தவர் அவர்தான் என்று வாட்சப் வரைக்கும் வந்துவிட்டது. இப்னு சீனா பெரிய ஆள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் பிறந்தது 980-இல். அதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே, ஏறத்தாழ 873-இல், பாக்தாதில் அல்கிந்தி காலமாகிவிட்டார். கூஃபா நகரத்துக்காரர், கிரேக்கத் தத்துவத்தை அரபியில் பேச வைத்த முதல் தலைமுறை. கணிதம், ஒளி, இசை, மருந்து அளவு என்று எதையும் விடாதவர். வாசனைப் பொருள்களைக் கலப்பதையும் வடிப்பதையும் பற்றி அவர் பெயரில் ஒரு நூல் இருக்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட செய்முறைகள். விலையுயர்ந்த கஸ்தூரிக்கும் அம்பருக்கும் போலி செய்வது எப்படி என்பதும் அதில் உண்டு. தத்துவ ஞானி ஒருவர் போலிச் சரக்கு செய்ய வழி சொல்லித் தருகிறாரே என்று யோசிக்கத் தோன்றும். எனக்கென்னவோ அவர் சந்தையை நன்றாகப் பார்த்தவர் என்றுதான் தோன்றுகிறது. அந்த நூலின் தலைப்பில் வடித்தலுக்கு வருகிற அரபுச் சொல்லின் வேர் 'மேலே ஏற்றுவது'. இன்னொரு சொல்லும் உண்டு, தக்தீர்: சொட்ட வைப்பது. ஏறுவது, வேர்ப்பது, சொட்டுவது என்று என் இட்லிக் கொப்பரையில் நடந்த மூன்றுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருந்திருக்கிறார்கள்.

அல்கிந்திக்கு அடுத்த தலைமுறை அர்ராஸி. இன்றைய டெஹ்ரானுக்குப் பக்கத்தில் இருந்த ரய் நகரத்து வைத்தியர், 925 வாக்கில் இறந்தவர். பட்டறையில் என்னென்ன சாமான் வேண்டும் என்று கணக்காக எழுதி வைத்தவர். அவர் காலத்து வாலையில் மூன்று பாகம். அடியில் கொதிக்கிற பானை: கர்உ, அதாவது சுரைக்காய். உருவத்துக்கு வைத்த பெயர். மேலே மூக்கு நீண்ட குல்லாய், அன்பீக். அந்த மூக்கிலிருந்து சொட்டுவதை வாங்குகிற குடுவைக்குப் பெயர் காபிலா. அரபியில் அந்தச் சொல்லுக்கு மருத்துவச்சி என்றும் பொருள். பிரசவத்தில் பிள்ளையைக் கையில் ஏந்துகிறவள். பட்டறையில் கரி படிந்த கையோடு நின்ற எவனோ ஒருவனுக்கு அந்தக் குடுவையைப் பார்த்ததும் மருத்துவச்சி ஞாபகம் வந்திருக்கிறது. எனக்கு இந்த ஒரு சொல்லுக்காகவே அந்தப் பட்டறையைப் பிடித்துப்போயிற்று.

வாலை என்று சொன்னேன். அது நம் சித்த மருத்துவத்துச் சொல். வாலையில் வடித்தால் தீநீர். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் ஓமத்தீநீர் அப்படிப்பட்டதுதான். வடிக்கிற வித்தை இங்கேயும் பழையது; அரபிகளிடமிருந்து நாம் எல்லாவற்றையும் வாங்கினோம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் சித்தர் பரம்பரையே ஒரு கதை சொல்கிறது: ராமதேவர் என்ற சித்தர் மக்காவுக்குப் போய், அங்கே யாகோபு ஆகி, கற்றதோடு திரும்பி வந்தார் என்று. நடந்ததோ இல்லையோ, ரசவாதத்தில் கொடுக்கல் வாங்கல் இருந்தது என்பதை நம் ஆட்களே மறைக்கவில்லை. சுருளி மலையில் சித்தர் குகையும் இருக்கிறது, அருவிக்குப் பக்கத்தில் ஒரு மஸ்தான் தர்காவும் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு வருகிற கூட்டத்தில் பாதி அந்தப் பக்கமும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறும்.

ரோஜாத் தண்ணீர் பெரிய வியாபாரமானது தென் பாரசீகத்தில், ஃபார்ஸ் மாகாணத்தில். அங்கே ஜூர் என்ற ஊரின் சரக்குக்குத்தான் மவுசு. பாக்தாத் கலீபாவின் கஜானாவுக்கு எந்த மாகாணம் என்ன கட்டியது என்று ஒரு பழைய பட்டியலை இப்னு கல்தூன் எடுத்து எழுதியிருக்கிறார். ஃபார்ஸ் கணக்கில் வெள்ளிக்காசுக்கு அடுத்து நிற்பது 30,000 குப்பி ரோஜாத் தண்ணீர். அதற்கு அடுத்து கருப்பு உலர்திராட்சை. கம்பத்துக்காரன் கண்ணில் இந்த வரி படாமல் போகுமா? பன்னீரும் திராட்சையும் ஒரே ரசீதில்.

பத்தாம் நூற்றாண்டில் ஊர் ஊராகத் திரிந்த இப்னு ஹவ்கல், ஜூர் ரோஜாத் தண்ணீர் எங்கெங்கே போகிறது என்று எழுதுகிறபோது மேற்கே மக்ரிப், எகிப்து, ஏமன், கிழக்கே இந்தியா, சீனா என்று அடுக்குகிறார். இந்தியா என்றால் எந்தக் கரை? நமக்கு மலைக்கு அப்பால் இருக்கிற கொல்லத்தில் 849-ஆம் ஆண்டுச் செப்பேடு ஒன்று உண்டு, தரிசாப்பள்ளிச் செப்பேடு. அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் கூஃபி அரபியிலும், பஹ்லவியிலும், எபிரேய எழுத்தில் எழுதிய பாரசீகத்திலும் போட்டிருக்கிறார்கள். பஹ்லவி என்பது ஃபார்ஸ் நாட்டு வீட்டு எழுத்து. அவர்கள் கப்பலில் மிளகு ஏற்றிப் போனவர்கள். வரும்போது வெறுங்கப்பலோடு வரமாட்டார்கள்.

நம் பக்கத்துச் சாட்சி இன்னும் கெட்டியானது. 1077-இல், முதலாம் குலோத்துங்கன் காலத்தில், சோழ நாட்டிலிருந்து சீனப் பேரரசரைப் பார்க்க 72 பேர் போனார்கள். கொண்டுபோன சீர்வரிசையைச் சீன அரசுக் குறிப்பு வரிசையாகச் சொல்கிறது: கண்ணாடிச் சாமான், கற்பூரம், பட்டு, காண்டாமிருகக் கொம்பு, தந்தம், சாம்பிராணி, ரோஜாத் தண்ணீர், பெருங்காயம், கிராம்பு. பதிலுக்குக் கிடைத்தது 81,800 சரம் செப்புக் காசு. சீர்வரிசை என்று சொன்னாலும் இது கொழுத்த வியாபாரம். அந்தப் பட்டியலில் ரோஜாத் தண்ணீர் சோழ நாட்டில் விளைந்த சரக்காக இருக்க வாய்ப்பு குறைவு. மேற்கிலிருந்து வாங்கிக் கிழக்கில் விற்றிருக்கிறார்கள். கை மாறுகிறபோது கொஞ்சம் கையில் ஒட்டாமலா இருந்திருக்கும்? பதினாறாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கோழிக்கோட்டைப் பார்த்த போர்த்துகீசியர் பார்போசாவும், மக்கா பக்கமிருந்து வருகிற கப்பல்களில் செம்பு, பாதரசம், பவளம், குங்குமப்பூ இவற்றோடு ரோஜாத் தண்ணீர் இறங்குவதைக் குறித்து வைத்திருக்கிறார். ஐநூறு வருஷமாக விடாமல் இறங்கிக்கொண்டிருந்த சரக்கு.

இப்போது பெயருக்குத் திரும்புகிறேன். துறைமுகத்தில் நின்ற தமிழனிடம் வந்து சேர்ந்தது பூவல்ல. மெழுகு வைத்து மூடிய குப்பி. உள்ளே நிறமில்லாத தண்ணீர். திறந்தால் வாசம், தொட்டால் ஜில்லென்று. பூவைப் பார்க்காதவன் பனி என்று வைத்திருப்பான், பனி என்றாலே குளிர்ச்சிதானே என்பது ஒரு கட்சி. படித்தவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம் நிற்பார்கள். எனக்கு மூடியைப் பார்த்த பிறகு அந்தக் கட்சியில் இருக்க முடியவில்லை. பனி எப்படி உண்டாகிறது? கண்ணுக்குத் தெரியாத ஈரம் குளிர்ந்த கம்பியில் பட்டுத் துளியாகிறது. வாலையில் நடப்பதும் அச்சு அசலாக அதுவே. வடிப்பதைக் கண்ணால் பார்த்தவனோ, பார்த்தவன் சொல்லக் கேட்டவனோ வைத்த பெயராகத்தான் எனக்குப் படுகிறது. நிரூபிக்கச் சொன்னால் என்னிடம் இட்லிக் கொப்பரையைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

அத்தருக்கு மட்டும் நாம் இந்த வேலையைச் செய்யவில்லை. அரபுச் சொல்லையே கொஞ்சம் வளைத்து வைத்துக்கொண்டோம். அத்தர் பன்னீருக்குத் தம்பி. வடித்த ரோஜாத் தண்ணீர் ஆறும்போது மேலே மெல்லிய ஏடு மிதக்கும், அதுதான் எண்ணெய். சூடான ரோஜாத் தண்ணீரை அகன்ற தட்டுகளில் ஊற்றி, அந்த ஏட்டை வழித்தெடுத்தது நூர்ஜஹானின் அம்மா அஸ்மத் பேகம் என்று ஜஹாங்கீரே தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். மாமியாரைப் புகழ்ந்து எழுதிய அரசர்கள் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். அதற்கு இத்ரே ஜஹாங்கீரி என்று பெயர் வைத்தது சலீமா சுல்தான் பேகம். உழைத்தது ஒருவர், பெயர் சூட்டியது ஒருவர், பெயரில் நிற்பது மூன்றாமவர்! ஒரு கிலோ எண்ணெய்க்கு மூன்றிலிருந்து ஐந்து டன் பூ போகும். கன்னோசியில் இன்றைக்கும் செம்புப் பானையைக் களிமண்ணால் மூடி முத்திரை வைத்து, மூங்கில் குழாய் வழியாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் கிடக்கிற குடுவைக்கு ஆவியை இறக்குகிறார்கள். பானை தேக், குடுவை பப்கா. அர்ராஸியின் சுரைக்காயும் மருத்துவச்சியும் ஊர் மாறி உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதில் உள்ள சூட்சுமம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரோஜாவுக்கு வாசம் தருவதில் முக்கியமானவர்கள் மூன்று பேர்: சிட்ரோனெல்லால், ஜெரானியால், ஃபீனைல் எத்தில் ஆல்கஹால். மூன்றும் தனியாகக் கொதிக்க 200 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அவ்வளவு சூட்டில் பூ கருகிவிடும், என் முதல் கொப்பரை மாதிரி. ஆனால் தண்ணீரோடு சேர்த்துக் கொதிக்க வைத்தால் நீராவி கையைப் பிடித்துக்கொண்டு 100 டிகிரியிலேயே கூடவே கிளம்பி வந்துவிடும். இதன் கணக்கை வேதியியல் சொல்லித் தர இன்னும் ஆயிரம் வருஷம் ஆகும் என்ற நிலையில், பாக்தாதில் அதைக் கையால் தெரிந்து வைத்திருந்தார்கள். குளிர்ந்த பிறகு முதல் இருவரும் பெரும்பாலும் எண்ணெயோடு மேலே மிதக்கப் போய்விடுவார்கள். ஃபீனைல் எத்தில் ஆல்கஹாலுக்குத் தண்ணீர் பிடிக்கும். அது கரைந்து கீழேயே தங்கும். பன்னீருக்கும் அத்தருக்கும் வாசம் வேறாக இருப்பது இதனால்தான்.

மஸ்கட் திராட்சைக்கு வாசம் தருவதும் அதே ஜெரானியால் கூட்டம்தான். லினலூல், நெரால் இவையும் சேரும். நிறைய இருப்பது தோலில். பாய் கெமிஸ்ட்ரி படித்தவரில்லை. ஆனால் தோலைத்தான் கசக்கிக் காட்டினார். அலெக்சாண்ட்ரியா வழியாக வந்த குல்லாயில் வடித்த தண்ணீரின் பெயர், அலெக்சாண்ட்ரியா பெயர் கொண்ட கொடியின் பிள்ளைக்கு, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு மலையடிவாரத்தில் வந்து ஒட்டிக்கொண்டதற்கு இந்தச் சின்ன மூலக்கூறு காரணம்.

மலிவாகக் கிடைக்கிற பாட்டில் பன்னீரில் இப்போது பூவே கிடையாது. தண்ணீரில் எசென்ஸ் கலப்புதான். கல்யாண வாசலில் சந்தனக் கிண்ணத்துக்கும் கல்கண்டுத் தட்டுக்கும் பக்கத்தில் சொம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற சின்னப் பெண் முகத்துக்கு நேராகத் தெளிக்கும்போது, மூக்கில் ஏறுகிற அந்தக் காரமான வாசனை ஃபேக்டரியில் செய்தது. அதையும் நான் குறை சொல்லமாட்டேன். அது இல்லாவிட்டால் கல்யாணம் கல்யாணமாக இருக்காது. நிக்காஹ்விலும், சந்தனக்கூட்டிலும், முருகன் அபிஷேகத்திலும், மண்ணறை மேல் தூவுவதற்கும் ஒரே பாட்டில்தான். கடைக்காரர் எதற்கென்று கேட்பதில்லை.

என் அரை டம்ளரை ஒரு சின்ன மருந்து பாட்டிலில் ஊற்றி எடுத்துக்கொண்டு சுருளிப்பட்டிக்குப் போனேன். பாய் வீட்டு அலமாரியில் அவருடைய நன்னி காலத்து வெள்ளிச் சொம்பு ஒன்று இருந்தது. கழுத்து நீண்டு, தலையில் தாமரை மொட்டு மாதிரி, அதில் ஊசித்துளைகள். ஊற்றிக் குலுக்கினார். ஒரு சொட்டு வரவில்லை. பேத்தியின் சட்டையிலிருந்து ஊக்கைக் கழற்றி வாங்கி, ஒவ்வொரு துளையாகக் குத்தினார். வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது. மறுபடி குலுக்கியதும் என் தலையிலும் அவர் புறங்கையிலும் நாலு சொட்டு விழுந்தது.

மோந்து பார்த்தார். "என்ன தம்பி, வாசமே காணோம்?"

கடை பாட்டிலுக்குப் பழகிய மூக்கு. நான் ஒன்றும் சொல்லவில்லை. பேத்தி கையை நீட்டினாள், அவளுக்கும் ரெண்டு சொட்டு. அவர் ஈரம் காயட்டும் என்று கொஞ்ச நேரம் கையை ஆட்டிவிட்டு, மறுபடியும் மூக்கருகில் கொண்டுபோனார். இந்தத் தடவை கொஞ்சம் நேரம் வைத்திருந்தார்.

"அட," என்றார், "நம்ம பழம்!"